ஒன்பதாவது பெயர்

வியாழக்கிழமை மதியம் நானா ஒடூரோ எங்கள் கடைவரிசைக்குள் நுழைந்தபோது நான் பள்ளிச் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். வடக்கே பாலைவனத்திலிருந்து வரும் ஹர்மட்டான் காற்று மூன்று நாளாக விடாமல் அடித்தது. எதிரே இருக்கும் மசூதியின் கோபுரம்கூடப் புழுதியில் தெரியவில்லை. எல்லோருக்கும் உதடு வெடித்திருந்தது. அந்தப் புழுதியில் எழுபது வயதுக் கிழவர், துக்கத்துக்கான கறுப்புத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, அமாவின் அச்சுக்கடைப் படியில் கால் வைத்ததைப் பார்த்ததும் என் ஊசி நின்றுவிட்டது.

எங்கள் ஊர் மாம்போங்கில் அவர் ஏறாத படி அது ஒன்றுதான்.

அவருடைய அண்ணன் பெடியாகோ செத்து நாலு வாரம். பிணம் குளிர்பெட்டியில் இருந்தது, சனிக்கிழமை அடக்கம். பிளெக்ஸ் பேனரும் சுவரொட்டியும் பக்கத்துப் பெருநகரமான குமாசியில் அடிக்கக் கொடுத்திருக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். பேனர் அடிக்கும் பெரிய மெஷின் உள்ளூரில் ஒன்று இருக்கும்போது குமாசிக்கு ஏன் ஓடினார்கள் என்பதும் ஊருக்குத் தெரியும். அந்த மெஷின் அமாவின் கடையில் இருந்தது. அமா, பெடியாகோவின் மகள். பெடியாகோ ஒப்புக்கொள்ளாத மகள்.

அவள் அம்மா மனு இளவயதில் பெடியாகோவின் கோகோ தோட்டத்தில் காய் உடைத்து, கொட்டை காயவைக்கிற வேலை பார்த்தவள். வயிற்றில் பிள்ளை தங்கியதும் பஞ்சாயத்து வைத்தார்கள். எனக்குத் தெரியாது, நான் இல்லை என்று பெடியாகோ பெரியவர்கள் முன்னால் சத்தியம் பண்ணினார். பிறந்த எட்டாம் நாள் பெயர் வைக்க அப்பன் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. மனுவின் அண்ணன்தான் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு அமா டுஃபியே என்று கூப்பிட்டான். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் குலம் தாயிடமிருந்து வரும். பெயர் அப்பன் கொடுப்பது. கொடுக்காவிட்டால் அந்த இடம் காலியாகவே இருக்கும். அமாவுக்கு முப்பத்திநாலு வயது வரை காலியாகத்தான் இருந்தது.

நான் பொத்தானைப் போட்டுவிட்டுப் போய் அவர்கள் வாசலில் நின்றேன். என் தையற்கடைக்கும் அவர்கள் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். அங்கே இருமினால் இங்கே கேட்கும்.

அமாவின் புருஷன் யாவ் முக்காலியை இழுத்துப் போட்டான். குவளையில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். நானா உட்கார்ந்தார். தண்ணீரை வாங்கவில்லை.

"உன் மெஷின் ஓடுதா?" என்று யாவைக் கேட்டார். அமா இரண்டு அடி தள்ளிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவர் கண் அந்தப் பக்கம் போகவில்லை.

"ஓடுது நானா. புழுதியில மை வாய் அடைச்சுக்குது. காலைல இருந்து துடைச்சு வச்சிருக்கேன்."

பின்னாலேயே ஜார்ஜினா வந்தாள். பெடியாகோவின் மூத்த மகள், குமாசியில் நர்ஸ். கையில் சுருட்டிய பேனர். தரையில் விரித்துக் காட்டினாள்.

"பாருங்க இந்த அநியாயத்தை. இதுவா எங்கப்பா மூஞ்சி? பூசணிக்காயை ரெண்டு பக்கமும் புடிச்சு இழுத்த மாதிரி இருக்கு. எழுபத்தெட்டு வயசை எண்பத்தேழுன்னு போட்டிருக்கான். கேட்டா, நீங்க அனுப்புனது அப்படித்தான்றான். திரும்ப அடிக்க திங்கக்கிழமை ஆகுமாம். திங்கக்கிழமை யாருக்கு மாட்டுறது?"

யாவ் பேனரைப் பார்த்தான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான். அவளிடமிருந்து ஒரு தலையாட்டல்கூட வரவில்லை.

"அடிச்சுடலாம் நானா," என்றான்.

ஜார்ஜினா ஒரு காகிதத்தை எடுத்தாள். நானாவின் கையெழுத்து. விதவை பெயர், குலத்தலைவர் பெயர், துக்கம் காக்கும் தம்பி தங்கைகள், மருமக்கள். அதற்குக் கீழே பிள்ளைகள். அமா வாங்கி விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்துத் தட்ட ஆரம்பித்தாள். அவள் தட்டுகிற சத்தம் தகரத்தில் மழை விழுகிற மாதிரி இருக்கும். பிள்ளைகள் பகுதிக்கு வந்ததும் மழை விட்டு விட்டுப் பெய்தது.

"எட்டுப் பேரா?" என்று கேட்டாள்.

"எட்டு," என்றார் நானா சுவரைப் பார்த்து.

"பட்டியல் முடிஞ்சிருச்சா?"

"நான் எழுதினா முடிஞ்சதுதான்."

ஜார்ஜினா கால்நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாவ் போய் மெஷின் மூடியைத் திறந்து, துடைத்ததையே மறுபடி துடைத்தான்.

அடுத்தது படம். ஜார்ஜினா செல்போனில் ஒன்று வைத்திருந்தாள். ஏதோ கல்யாணத்தில் எடுத்தது. பெடியாகோ தொப்பி போட்டிருந்தார். தொப்பி நிழல் நெற்றியையும் ஒரு கண்ணையும் மறைத்தது. நிழலை எடுக்க வேண்டும், பின்னாலிருந்த கோலா பாட்டில்களை எடுக்க வேண்டும். அமா படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். திரை முழுக்க ஒரு கண், ஒரு பாதி மூக்கு.

ஒன்பது வயதில் அமா தலையில் தட்டு வைத்துச் சுட்ட வாழைப்பழம் விற்கப் போவாள். ஒரு தடவை பெடியாகோ கூப்பிட்டு வாங்கியிருக்கிறார். ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினாராம். அதற்குமேல் அவர் முகத்தை அவள் கிட்டத்தில் பார்த்ததில்லை. அவள் வருகிற தெருவில் அவர் எதிர்ப்புறம் மாறிவிடுவார். இப்போது அந்த முகத்தோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். புருவத்தில் ஒவ்வொரு மயிராக, கன்னத்து அம்மைத் தழும்பு ஒவ்வொன்றாக, சுண்டுவிரல் அசைவில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். அவரால் எங்கேயும் ஓட முடியவில்லை. வேலையை வேலையாகத்தான் செய்தாள். மேலுதட்டில் மட்டும் வியர்வை நின்றது.

"நிறம் வெளுத்திருக்கு," என்றாள் கடைசியில். "அவரு இதைவிடக் கறுப்பு."

"உனக்கெப்படித் தெரியும்?" என்றாள் ஜார்ஜினா.

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. தொண்டையைச் செருமினாள். அமா திரும்பாமலே, "ஊர்ல பாத்திருக்கேன்," என்றாள். நிறத்தைக் கொஞ்சம் கூட்டினாள். சரியாக அவர் நிறம் வந்தது.

நானா பட்டியலைப் படிக்கச் சொன்னார். ஜார்ஜினா திரையைப் பார்த்துப் படித்தாள். எட்டுப் பெயர். "அடி," என்றார்.

பெரிய மெஷின் ஒரு கட்டில் நீளம். உள்ளே மைத்தலை இடமும் வலமும் ஓடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு விரற்கடை பிளெக்ஸ் வெளியே வரும். முதலில் 'மகிமைக்கு அழைக்கப்பட்டார்' என்ற பெரிய எழுத்து. அப்புறம் நெற்றி. அப்புறம் கண். மூக்குவரை வந்திருக்கும். கரண்ட் போய்விட்டது.

மைத்தலை நடுவழியில் நின்றது. மின்விசிறி சுற்றித் தளர்ந்து நின்றது. பிளெக்ஸில் பெடியாகோவுக்கு வாய் இல்லை.

"விட்ட இடத்துல இருந்து வராதா?" என்றார் நானா.

"வராது நானா. கோடு விழுந்துடும். முதல்ல இருந்துதான் அடிக்கணும்." யாவ் சுருளைத் தூக்கி எடை பார்த்தான். "இன்னும் ஒரு தடவைக்குத்தான் பிளெக்ஸ் இருக்கு. ஒரே தடவை. ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் வாங்கிட்டு வந்துடறேன். நடுவுல நிக்கக்கூடாது."

நானாவுக்கு ஊர்த் தலைவரின் அரண்மனையில் சாவைச் சொல்லி மரியாதை செய்கிற சடங்கு நாலு மணிக்கு. ஜார்ஜினாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். யாவ் கேனைத் தூக்கிக்கொண்டு பங்க்குக்கு ஓடினான். கம்ப்யூட்டருக்கு பேட்டரி உண்டு; இருட்டுக் கடைக்குள் திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

பங்க்கில் வரிசை போலிருக்கிறது, நாலரை ஆகியும் யாவ் வரவில்லை. நான் உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்தேன். "ஏதாவது சாப்பிட்டியா?"

"இல்லக்கா."

"கெங்கே வாங்கிட்டு வரவா?"

 அவள் விசைப்பலகையில் ஏதோ தட்டினாள். நான் எட்டிப் பார்த்தேன். எட்டாவது பெயருக்குக் கீழே ஒன்பதாவதாக, அதே அளவில், அதே எழுத்தில்: அமா டுஃபியே பெடியாகோ.

நான் அவள் தோளைத் தட்டினேன். "ஏய், எடு அதை."

"எடுக்கறேன்க்கா. பாத்துட்டு எடுக்கறேன்."

"என்னத்தைப் பாக்கப் போற?"

"எப்படி இருக்குன்னு."

அவள் பார்த்தாள். நானும் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், நன்றாகத்தான் இருந்தது. மற்ற எட்டுப் பெயர்களோடு வரிசையாக, எல்லாவற்றுக்கும் கடைசியில் பெடியாகோ. தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கவில்லை.

யாவ் கேனோடு வந்து சேர்ந்தான். திரையைப் பார்த்தான். கேனைத் தரையில் வைக்காமலே பேசினான்.

"அமா. என்ன இது?"

"பேரு."

"விளையாடறியா? அந்தக் கிழவன் உன்னைச் சும்மா விடுவானா? அரண்மனைக்கு இழுப்பான். ஆடு வெட்டு, மன்னிப்புக் கேளுன்னு நிப்பாட்டுவான். இந்த ஊர்ல மாசம் எத்தனை சாவு? அத்தனை பேனரும் நம்மகிட்ட வருது. நாளைக்கு ஒருத்தனும் வர மாட்டான். பிள்ளைக் குட்டியோட எங்க போறது?"

"அவரு என் அப்பன் இல்லன்னு நீ நெனைக்கிறியா?"

"நான் எங்க அப்படிச் சொன்னேன்?"

"அப்போ என் வீட்டு மெஷின்ல எங்கப்பன் மூஞ்சியை நானே அடிக்கணும். எட்டுப் பேரை நானே தட்டணும். உனக்கு ஒண்ணும் தோணலையா?"

"தோணுது. தோணாம என்ன? ஆனா அது அவங்க காயிதம், அமா. அவங்க எழுதிக் குடுத்ததை அடிக்கிறதுதான் நம்ம தொழில்." குரலைத் தணித்தான். "நீ எடு. நான் போய் ஜெனரேட்டரைப் பாக்கறேன். வரும்போது அது இருக்கக்கூடாது."

பின்பக்கம் போனான். கயிற்றை இழுக்கிற சத்தம், ஒரு தடவை, இரண்டு தடவை. ஜெனரேட்டர் உறுமி நின்றது. மறுபடி இழுத்தான். அமா ஒரு விரலை அழிக்கிற விசைமேல் வைத்திருந்தாள். வைத்தபடியே இருந்தாள்.

அந்த நேரம் பார்த்து நானாவும் ஜார்ஜினாவும் படியேறினார்கள்.

அமா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பெயர் திரையில் இருந்தது. நான் எழுந்து சுவரோரம் ஒதுங்கினேன். ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது; விளக்கு எரிந்தது; யாவ் கையைத் துடைத்தபடி உள்ளே வந்து திரையைப் பார்த்து அப்படியே நின்றான்.

"கரண்ட் போயி வந்தா கம்ப்யூட்டர் எதையாச்சும் மாத்திடும்னு சொல்றானுங்க," என்றார் நானா. "இன்னொரு வாட்டி படி, ஜார்ஜினா. எனக்கு இந்தப் புழுதியில கண்ணு ரெண்டும் ஊத்துது."

ஜார்ஜினா அமாவின் தோளுக்குப் பின்னால் போய்க் குனிந்தாள். விதவை பெயர் படித்தாள். குலத்தலைவர். தம்பி தங்கைகள். மருமக்கள். பிள்ளைகள். ஒவ்வொரு பெயராகப் படித்தாள், தன் பெயர் முதலில். ஐந்து. ஆறு. நானா கைத்தடியின் தலையில் விரலால் எண்ணிக்கொண்டிருந்தார். ஏழு. எட்டு.

நின்றாள். அவள் மூச்சு அமாவின் கழுத்தில் பட்டிருக்கும், அவ்வளவு கிட்டத்தில் இருந்தாள். அமா கண்ணை மூடிவிட்டாள்.  யாவின் கையில் அழுக்குத்துணி முறுக்கிக்கொண்டே போனது.

"அவ்வளவுதானா?" என்றார் நானா.

"அவ்வளவுதான் சித்தப்பா," என்றாள் ஜார்ஜினா. "முடிஞ்சுது. அடிக்கச் சொல்லுங்க."

மெஷின் ஓட ஆரம்பித்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. நெற்றி, கண், மூக்கு, வாய், கழுத்து. பெயர்கள் வர வர யாவ் மெஷினுக்கும் நானாவுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு, மை காய்கிறதா என்று பார்க்கிற மாதிரி குனிந்தான். அவன் முதுகுச்சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. காய்ந்ததும் அவனே சுருட்டிக் கட்டி நானா கையில் கொடுத்தான். ஜார்ஜினா படி இறங்கும்போது திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை கடைக்குப் பின்னாலேயே இருக்கும் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. பலகைச் சுவர் வழியாக யாவின் குரல் மட்டும் கேட்டது. "மெஷின் தப்புன்னு சொல்லிடலாம். கரண்ட் போச்சு, பழைய ஃபைல் ஒண்ணு கலந்துடுச்சுன்னு சொன்னா எவனுக்கு என்ன தெரியப் போவுது?" அமா என்ன சொன்னாள் என்று காதில் விழவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் பேனரைச் சாவுவீட்டுச் சுவரில் மாட்டிவிட்டார்கள். ஏழு மணிக்குள் நாலு பேர் ஓடிவந்து என்னிடம் சொல்லிவிட்டார்கள். எட்டு மணிக்கு ஆள் வந்தது: அமாவும் அவள் புருஷனும் உடனே வர வேண்டும். நானும் கறுப்புத்துணியைச் சுற்றிக்கொண்டு கூடவே போனேன்.

பந்தல் நிறைந்திருந்தது. கறுப்பும் சிவப்புமாக ஜனம். காற்றில் பிளாஸ்டிக் நாற்காலிகள் தாமாகவே நகர்ந்துகொண்டிருந்தன. சுவரில் பெடியாகோ எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார், சரியான நிறத்தில், சரியான வயதில். நானா குலத்துப் பெரியவர்களோடு நடுவில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் எட்டுப் பேரும் தலையில் சிவப்புத்துணி கட்டி ஒரு பக்கமாக இருந்தார்கள்.

நானா கத்துவார் என்று நினைத்துப் போனோம். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"அமா, ஒரே ஒரு கேள்வி. யோசிச்சு பதில் சொல்லு. இது மெஷின் பண்ணின தப்பா?"

 எனக்குப் புரிந்தது, எல்லோருக்கும் புரிந்தது. கிழவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். சிரித்துவிட்டு எல்லோரும் அடக்க வேலையைப் பார்க்கலாம்.

"மெஷின்தான் நானா," என்று யாவ் முந்திக்கொண்டான். "அன்னிக்குக் கரண்ட் போயி..."

"உன்னைக் கேக்கல."

அமா புருஷனைப் பார்த்தாள். அவன் கண்ணால் கெஞ்சினான். அவள் முகம் காய்ந்து, உதட்டு வெடிப்பில் ஒரு பொட்டு ரத்தம் இருந்தது.

"மெஷினுக்கு எங்கப்பா பேரு தெரியாது நானா," என்றாள். "நான் தட்டினதைத்தான் அது அடிச்சுது."

கூட்டத்தில் ஒரு கிழவி ஹே என்று வாயைப் பொத்தினாள். நானாவின் தாடை அசைந்தது.

"வியாழக்கிழமை ஜார்ஜினா படிச்சப்போ எட்டுதான் இருந்துச்சு. என் காதால எண்ணினேன். அப்போ நாங்க பாக்காத நேரம் திருட்டுத்தனமா சேத்திருக்க. அப்படித்தானே?"

ஜார்ஜினாவும் பார்த்தாள் என்ற உண்மையைச் சொன்னால் பழி பாதியாகும். அமா ஜார்ஜினா இருந்த பக்கம்கூடப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்து, "அப்படியே வச்சுக்குங்க," என்றாள்.

"இல்ல சித்தப்பா."

ஜார்ஜினா எழுந்து நின்றிருந்தாள். தலைத்துணி ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது.

"ஒம்பது இருந்துச்சு. பாத்துக்கிட்டேதான் எட்டு படிச்சேன்."

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"எங்கப்பா குளிர்பெட்டியில கெடக்கறப்போ அவரைக் குளிப்பாட்டினது நான். அந்த மூஞ்சியை அத்தனை கிட்டத்துல பாத்துட்டு, இந்தப் பொண்ணு பக்கத்துல ஒரு மத்தியானம் உக்காந்து பாருங்க, அப்புறம் பேசுங்க." அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "நாங்க எங்கம்மா குலம், உங்க குலம் இல்ல. சரி. குலத்துப் பட்டியல் உங்களுது, அதுல நான் கை வைக்கல. பிள்ளைங்க பட்டியல் எங்களுது. அப்பாவுக்குச் சவப்பெட்டி கொண்டுவர்றது பிள்ளைங்க கடமைன்னு சொன்னீங்க, கொண்டுவந்தோம். அப்போ எத்தனை பிள்ளைன்னு நாங்க சொல்லக்கூடாதா?"

அவள் தம்பிகளில் ஒருவன் உட்காரு என்று கையைப் பிடித்து இழுத்தான். அவள் உதறினாள்.

 பெரியவர்கள் தலையைக் கூட்டிக் குசுகுசுத்தார்கள். கடைசியில் நானா கைத்தடியால் தரையைத் தட்டினார்.

"என் அண்ணன் சத்தியம் பண்ணினாரு. செத்தவனைப் பொய்யன்னு அவன் பெட்டி முன்னால சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பேரை மூடுங்க. பேனரை எறக்க வேணாம், வேற இல்ல. இனிமே எங்க வீட்டுல இருந்து ஒரு துண்டுக் காயிதம்கூட அந்தக் கடைக்குப் போகாது." சுற்றிலும் பார்த்தார். கண் என்மேல் நின்றது. "தையக்காரி, ஊசி வச்சிருக்கியா?"

பந்தல் காலில் சுற்றியிருந்த கறுப்புத்துணியிலிருந்து ஒரு கிழிசலைக் கொடுத்தார்கள். நான் பேனருக்குக் கிட்டே போனேன்.  நாலு மூலைக்கும் நாலு ஊசி குத்தியிருக்க வேண்டும். மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு குத்திவிட்டு விலகிவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. அல்லது கவனித்தார்களோ என்னவோ.

ஹர்மட்டான் அன்றைக்கு முழுக்க அடித்தது. துணி தூக்கும், பெயர் தெரியும், விழும், மறையும். சும்மா விட்டிருந்தால் ஒன்பது பெயரில் ஒன்றாகப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். இப்போது வந்தவர்களெல்லாம் அங்கே போய் நின்றார்கள். கைகொடுத்துவிட்டு வருவார்கள், பேனரைப் பார்ப்பார்கள், "இதென்ன கறுப்பா?" என்பார்கள், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு விரலால் தூக்குவார்கள். எஜுராவிலிருந்து வந்த கோகோ வியாபாரிகள் தூக்கினார்கள். சர்ச் பாட்டுக்காரப் பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தூக்கினார்கள். போதகரே தூக்கினார்.

பெட்டியை மூடுவதற்கு முன்னால் பிள்ளைகள் வரிசையாகப் போய் அப்பனைக் கடைசியாகப் பார்த்தார்கள். ஒலிபெருக்கியில் எட்டுப் பெயர்தான் கூப்பிட்டார்கள். எட்டாவது ஆள் போன பிறகு ஜார்ஜினா பெட்டியின் தலைமாட்டை விட்டு நகரவில்லை. மூட வந்தவர்கள் பலகையைப் பிடித்தபடி காத்து நின்றார்கள். அமா போனாள். யாவ் அவள் பின்னால் நாலு அடி தள்ளிப் போனான். அவள் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள், வந்துவிட்டாள். அழவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் பந்தலுக்குத் திரும்பி, சாப்பாடு பரிமாறுகிற நேரத்தில் அமாவின் அம்மா மாமே மனு வந்தாள். வர மாட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த வீட்டு வாசலை அவள் மிதித்து முப்பத்திநாலு வருஷம். கறுப்புத்துணி கட்டியிருந்தாள். விரல் நுனியெல்லாம் வாழைப்பழம் சுட்ட கரி. யாரிடமும் கைகொடுக்காமல் நேராக என்னிடம் வந்தாள்.

"மான்சா, எங்க இருக்கு?"

கூட்டிப் போனேன். துணியைத் தூக்கிப் பிடித்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"எங்க ஆரம்பிக்குது?"

காட்டினேன். அங்கே விரலை வைத்தாள்.

"எங்க முடியுது?"

காட்டினேன். ஒரு எழுத்தும் விடாமல் விரலை நகர்த்திக்கொண்டு போனாள். கடைசி வார்த்தையில் நின்றாள். "இது அவன் பேரா?"

"ஆமா மாமே."

"மேல இருக்கற எட்டுலயும் இதே தானா?"

"எட்டுலயும் இதே தான்."

மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். எழுத்தின் வடிவத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. எட்டையும் பார்த்து முடிக்கிறவரை துணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.  நானா ஒடூரோ சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி பட்டா அழியுமா?" என்று கேட்டாள் மனு.

"அழியாது மாமே. மழை வெயில் எல்லாம் தாங்கும்."

தலையை ஆட்டினாள். கையை உயர்த்தி ஊசிகள் இரண்டையும் உருவி என் உள்ளங்கையில் வைத்தாள். துணியை நாலாக மடித்தாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் பேனருக்குக் கீழே போட்டு, மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பந்தல் கலைகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். ஒருவரும் அவளை எழுந்திருக்கச் சொல்லவில்லை.